கடந்து செல்வோரும் வாழ்வோரும்

தமிழில் தெரு என்பது வேறு. பெருவழி என்பது வேறு. தெருவில் மனிதர் வாழ்கின்றனர்; வாசலைக் கூட்டுகின்றனர்; அயலவரோடு உறவாடுகின்றனர், பிணங்குகின்றனர்; இறந்தவரைச் சுமந்து செல்கின்றனர். பெருவழியிலோ அவர்கள் செல்கின்றனர், அவ்வளவே. 'எங்கள் தெரு' என்று சொல்லாதார் இல்லை. 'எங்கள் பெருவழி' என்று எவரும் உறவு பாராட்டுவதில்லை. மொழி நெடுங்காலத்துக்கு முன்பே பிரித்து வைத்த இவ்விரண்டையும் நமது நகரங்கள் ஒன்றாக்கிவிட்டன. ஒரே தார்ப்பரப்பு ஒருவனுக்கு வாசலாகவும் மற்றொருவனுக்கு வழியாகவும் இருக்கின்றது. அங்கே எவனுக்கு முதலுரிமை? இது பொறியியலாளர் மட்டும் தீர்த்து வைக்கக்கூடிய கேள்வியன்று. யார் காத்திருக்க வேண்டும், யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதில் ஒரு சமுதாயம் தன் மனிதரை எவ்வாறு மதிக்கின்றது என்பது வெளிப்பட்டுவிடும். ஆதலின் இது அறத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

தெஹிவளையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை வழியாக வெல்லவாய வரை செல்லும் ஏ-2 நெடுஞ்சாலையே இங்கு காலி வீதியாக ஊரின் நடுவே ஓடுகின்றது. பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸும், மொறட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்க பஸ்ஸும் தரிப்புக்குத் தரிப்பு நின்று ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. காலிக்குச் செல்லும் 2ஆம் இலக்க பஸ்ஸும், கதிர்காமத்துக்குச் செல்லும் 32ஆம் இலக்க பஸ்ஸும் அவற்றின் பின்னால் பொறுமையிழந்து ஒலியெழுப்புகின்றன. ஒழுங்கையிலிருந்து முச்சக்கரவண்டி தலைநீட்டுகின்றது. களுபோவிலை வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டு செல்லும் வண்டி திரும்புவதற்கு இடம் தேடுகின்றது. பாடசாலை விட்ட பிள்ளைகள் கடவையின் ஓரத்தில் நின்று, எந்தச் சாரதிக்கு இரக்கம் பிறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

நெடுந்தூரம் செல்பவனுக்குத் தெஹிவளை ஒரு தடை. தெஹிவளையில் வாழ்பவனுக்கு நெடுந்தூரம் செல்பவன் ஓர் ஆபத்து. இருவரும் ஒருவரையொருவர் வைதுகொள்கின்றனர். உண்மையில் குற்றம் இருவரிடத்தும் இல்லை. இரண்டு பணிகளை ஒரே வீதியின் மீது சுமத்திய ஏற்பாட்டிலேயே இருக்கின்றது. அப்படியானால் இரண்டையும் பிரித்துவிட்டால் என்ன?

அவ்வாறு பிரித்த நகரங்கள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று நமக்கு அந்நியமானதன்று. 1983 ஜூலைக்குப் பின்னர் இலங்கையை விட்டுப் பெயர்ந்த பல்லாயிரம் தமிழர் இன்று கனடாவின் ரொறன்ரோ நகரிலும் அதன் ஸ்காபரோப் பகுதியிலும் வாழ்கின்றனர். அவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் 401ஆம் இலக்கப் பெருஞ்சாலை 1950களில் நகரைத் தொடாமல் ஒதுங்கிச் செல்லும் நான்கு தடப் பாதையாகவே அமைக்கப்பட்டது. ஆனால் நகரமே வளர்ந்து வந்து அதனைச் சூழ்ந்துகொண்டது. கடந்து செல்வோருக்காகப் போட்ட பாதையில் அங்கு வாழ்வோர் கடைக்கும் வேலைக்கும் போகத் தொடங்கினர். ஆதலால் 1963இல் தொடங்கிய விரிவாக்கத்தில், சிக்காகோவின் டான் றயன் நெடுஞ்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு திசையையும் இரு கூறாக்கினர். நடுவிலுள்ளவை கடுகதித் தடங்கள். தடுப்புக்கு அப்பால் ஓரத்திலுள்ளவை உள்ளூர்த் தடங்கள். நகரின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வண்டிகளை ஏற்றுக்கொள்வதும் இறக்கிவிடுவதும் உள்ளூர்த் தடங்களின் வேலை. கடுகதித் தடங்களுக்குப் பச்சைநிற அறிவிப்புப் பலகை. உள்ளூர்த் தடங்களுக்கு நீலநிறம். இடையிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குத் தொடுப்புப் பாதைகள் உள்ளன.

இதன் பின்னுள்ள காரணம் எளியது. நெருக்கடி வண்டிகளின் தொகையால் மட்டும் உண்டாவதில்லை. உள்ளே வரும் வண்டி நடுவை நோக்கி நகர்கின்றது; வெளியேற வேண்டிய வண்டி ஓரத்தை நோக்கி நகர்கின்றது; இரண்டும் ஒரே இடத்தில் குறுக்கிடுகின்றன. ஒருவன் தடையை அழுத்துகின்றான். பின்னால் வருபவன் அவனிலும் சற்று அதிகமாக அழுத்துகின்றான். அந்தத் தயக்கம் அலைபோலப் பின்னோக்கிப் பரவி, காரணம் தெரியாத பலரை நிறுத்திவைக்கின்றது. பிரிவினை இருந்தால் இக்குறுக்கீடு ஓரத் தடங்களுக்குள் அடங்கிவிடும். நடுவில் ஓட்டம் கலையாது. இதனால் ரொறன்ரோவில் நெருக்கடி ஒழிந்தது என்று சொல்வதற்கில்லை. அகலிக்க அகலிக்கக் கார்களும் பெருகின. வட அமெரிக்காவிலேயே மிக நெருக்கமான சாலைகளுள் ஒன்றாக 401 இன்றும் இருக்கின்றது. எனினும் நாம் இங்கே தேடுவது வேகத்தின் இரகசியத்தையன்று, நீதியின் அளவுகோலை.

அவ்வகையில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், 401இன் தடுப்பு மனிதரைப் பிரிக்கவில்லை. அவர்களுடைய அலுவலைப் பிரிக்கின்றது. காலையில் உள்ளூர்த் தடத்தில் சென்றவன் மாலையில் கடுகதித் தடத்தில் செல்லலாம். இரண்டிற்கும் கட்டணம் இல்லை. தவறான தடத்தில் ஏறியவன் அடுத்த தொடுப்பில் மாறிக்கொள்ளலாம். நமது கரையோரப் புகையிரதப் பாதையிலும் இதே நியாயம் உண்டு. 1877இல் மொறட்டுவை வரையும் 1895இல் மாத்தறை வரையும் சென்ற அப்பாதையில், கடுகதி வண்டியொன்று நம் நிலையத்தில் நில்லாமற் செல்லும்போது மேடையில் நிற்பவர் எவரும் அதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிய தொழிலாளியும் அதற்குள் இருக்கின்றான். நாளை காலிக்குப் போகும்போது நாமும் அதற்குள் இருப்போம். அவ்வாறே மொறட்டுவைத் தச்சன் தெஹிவளையில் வழிப்போக்கன். தெஹிவளை ஆசிரியர் மொறட்டுவையில் வழிப்போக்கர். கடந்து செல்வோர், வாழ்வோர் என்று இரு சாதியினர் உலகில் இல்லை. ஒரே மனிதன் நாளின் வெவ்வேறு வேளைகளில் ஏற்கும் இரு நிலைகளே அவை.

ஆயின் வழியைப் பிரிக்கும் வேறொரு முறையையும் நாம் அறிவோம். அது பயணத்தைப் பாராமல் பயணியைப் பார்த்துப் பிரிப்பது. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்றிருந்த தடையை எதிர்த்து 1924இல் போராட்டம் எழுந்தது. ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் அதில் சிறைப்பட்டார். 1925இல் ஏற்பட்ட சமரசத்தில் பெரும்பாலான வீதிகள் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி மட்டும் விலக்கப்பட்டது. நடப்பதற்கு வேறு வழி இருந்ததே என்று அன்று சொன்னவர் உண்டு. வேறு வழி இருந்ததுதான் அங்கே அநீதி.

இன்று அவ்வாறு பிறப்பைக் கேட்டுப் பாதையை அடைப்பதற்கு எந்தச் சட்டமும் துணியாது. பணப்பையைக் கேட்பதற்கு மட்டும் தயக்கமில்லை. ரொறன்ரோவிலேயே 401இற்கு வடக்கே 1997இல் 407ஆம் இலக்கச் சாலை திறக்கப்பட்டது. அரசு அமைத்த அச்சாலை 1999இல் தனியாருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அங்கே நெருக்கடியின்றிச் செல்லும் உரிமை கட்டணத்தால் அளக்கப்படுகின்றது. முன்மாதிரியாக நின்ற டான் றயன் நெடுஞ்சாலையும், கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கும் வெள்ளையரின் குடியிருப்புகளுக்கும் இடையே ஒரு சுவராகவே அமைந்தது என்ற குற்றச்சாட்டை நெடுங்காலமாகச் சுமந்து நிற்கின்றது. தடங்களுக்குள் பிரிவினை எவ்வளவு செம்மையாக இருந்தாலும், சாலை முழுவதும் எவருடைய வாழ்வை வெட்டிச் செல்கின்றது என்ற கேள்வி எஞ்சியே இருக்கும்.

நமது நாட்டின் நிலை என்ன? 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையே இலங்கையின் முதல் அதிவேகப் பாதை. அது 2014இல் மாத்தறையையும் 2020இல் அம்பாந்தோட்டையையும் எட்டியது. காலிக்குச் செல்லும் நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. நெடுந்தூர வண்டிகளில் ஒரு பகுதி அங்கே சென்றதால் கரையோர ஊர்கள் சற்று மூச்சுவிட்டதும் உண்மையே. நன்மையை மறுப்பது நமது நோக்கமன்று. ஆனால் அப்பாதையின் வாயிலில் கட்டணம் செலுத்த வேண்டும். முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே அனுமதியில்லை. பாதையின் தடம் மாற்றப்பட்டபோது, அதனால் நிலமிழக்க நேர்ந்தோரின் கருத்து உரியவாறு கேட்கப்படவில்லை என்பதை 2004இல் உயர் நீதிமன்றமே ஏற்று நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. எனினும் தடம் மாறவில்லை. தன் தோட்டத்தை அப்பாதைக்குக் கொடுத்த உழவன் தன் முச்சக்கரவண்டியோடு அதன்மேல் ஏற இயலாது. உயர்ந்த மண்மேட்டின் கீழே, விரைந்து செல்லும் வண்டிகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அவன் பழைய வழியே போகின்றான்.

'மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வண்டிகள் ஓடும் இடத்தில் முச்சக்கரவண்டியை விடுவது கொலைக்கு ஒப்பாகாதா?' என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். வேக வேற்றுமையே விபத்துக்குத் தாய். அத்தடையை நீக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வண்டியைத் தடுப்பதற்கு நியாயம் உண்டு. மனிதனைத் தடுப்பதற்கு இல்லை என்றே சொல்கின்றோம். ஒருவனது வண்டியை வாயிலில் நிறுத்தும் அரசு, அவனையே ஏற்றிச் செல்வதற்கு அவன் கூலிக்கு ஏற்ற கட்டணத்தில் பஸ்ஸை வாயிலில் நிறுத்தக் கடமைப்பட்டது. இன்று அதிவேகப் பாதையில் பஸ்கள் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் கட்டணம் பழைய வழியின் கட்டணத்தைவிட அதிகம். விரைவு என்பது பொதுப்பணத்தாலும் பொதுக்கடனாலும் உண்டாக்கப்பட்டது. அதனைச் சிலருக்கு மட்டும் விற்பது எந்த நியாயம்?

இதிலும் ஆழமான தீமை ஒன்று உண்டு. ஆசிரியர்களாகிய வாசகர்கள் அதனை எளிதில் உணர்வர். வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைக் கட்டணப் பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கியபின், அரசினர் பாடசாலையின் ஒழுகும் கூரையைப் பற்றி அதிகாரத்தின் செவியில் உரைப்பதற்கு ஆளில்லாமற் போகின்றது. வீதிக்கும் அதுவே விதி. செல்வாக்குள்ளோர் பொதுவழியை விட்டுத் தனிவழியில் ஏறிக்கொண்டபின், பொதுவழியின் குழிகள் வெறும் ஏழைகளின் முறைப்பாடாகிவிடுகின்றன.

பிரிவினையே கூடாதென்பதா நமது முடிவு? அன்று. பலருக்காகச் செய்யப்படும் பிரிவினையை நாம் வரவேற்கின்றோம். பொறியியலாளர் வீதியின் கொள்ளளவைக் கணிக்கும்போது ஒரு பஸ்ஸை இரண்டு மூன்று கார்களுக்குச் சமனாகக் கொள்வது வழக்கம். அது பிடிக்கும் இடத்தைக் கொண்டு இட்ட கணக்கு அது. அதற்குள் நெருங்கி நிற்கும் ஐம்பது அறுபது பேரைக் கொண்டு கணக்கிட்டால், காருக்குள் தனியே அமர்ந்திருப்பவர் அவர்களுக்கு வழிவிட வேண்டியவராவார். 1974இல் பிறேசிலின் குரிற்றிபா நகரம் இக்கணக்கையே தலைகீழாக்கிக் காட்டியது. வீதியின் நடுத்தடத்தை பஸ்களுக்கென்றே ஒதுக்கியது. அதன் இருபுறமும் உள்ளூர் வண்டிகளுக்கு மெதுவான தடங்களை விட்டது. ஊரைக் கடந்து செல்லும் கார்களை அயலிலுள்ள இணை வீதிகளுக்கு அனுப்பியது. அங்கும் பிரிவினைதான், ஆனால் நடுவிடம் பலருக்குரியதாயிற்று. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவையை நாட்டுடைமையாக்கிய இந்நாட்டுக்கு இச்சிந்தனை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. கொழும்பிலும் 2017இல் இராஜகிரியப் பக்கத்தில் பஸ்களுக்குத் தனித்தடம் ஒதுக்கிப் பார்த்தனர். அத்தகைய முயற்சிகள் நிலைபெறாமைக்குக் காரணம் அறிவின் குறைவன்று; எவருடைய நிமிடங்களுக்கு விலை உண்டு என்பதில் நமக்குள்ள பழைய எண்ணமே.

மீண்டும் தெஹிவளைக்கு வருவோம். காலி வீதியின் சுமையைக் குறைக்கப் புகையிரதப் பாதையின் ஓரமாகக் கடற்கரை வீதி போடப்பட்டு, கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தையைக் கடந்து தெஹிவளை வரை வந்துள்ளது. தெஹிவளைச் சந்தியில் மேம்பாலமும் எழுந்துள்ளது. கடந்து செல்வோருக்கு இவை உதவின. வாழ்வோருக்கு? கடற்காற்று வாங்கப் போகும் முதியவர் முன்பு தண்டவாளத்தை மட்டுமே தாண்டினார். இப்போது கார்களின் வரிசையையும் தாண்ட வேண்டியிருக்கின்றது. புதிய வழி ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் எத்தனை வண்டிகள் விரைந்து செல்லும் என்று கணக்கிடுகின்றோம். எத்தனை பிள்ளைகள் அச்சமின்றி வீதியைக் கடப்பர் என்பதற்கும் அதே தாளில் ஒரு நிரல் இருக்க வேண்டும். காலி வீதியில் பஸ்ஸுக்கு உறுதியான தடம், நடப்பவனுக்கு உடையாத நடைபாதை, சாரதியின் இரக்கத்தை எதிர்பாராத கடவை ஆகியவை மேம்பாலத்துக்குப் பின் வரவேண்டிய அலங்காரங்கள் அல்ல. அதற்கு முன் நிறைவேற வேண்டிய கடமைகள்.

ஆதலின் எந்தத் தடுப்பைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அது பயணத்தைப் பிரிக்கின்றதா, பயணியைப் பிரிக்கின்றதா? ஒருபுறத்தில் இருப்பவன் மறுபுறத்துக்கு மாறுவதற்கு வாயில் திறந்திருக்கின்றதா? விரைந்து செல்பவனின் பயனுக்காக நிலத்தையும் நேரத்தையும் இழந்தவனுக்கு அப்பயனில் பங்கு உண்டா? இம்மூன்றுக்கும் மக்கள் முன்னிலையில் விடை சொல்லக்கூடிய பாதையை அமைப்பது இயலாத காரியமன்று. அதற்கு வேண்டிய பொறியியல் உலகில் எப்போதோ வந்துவிட்டது. வரவேண்டியது, கடவையின் ஓரத்தில் நிற்கும் பிள்ளையையும் போக்குவரத்தின் ஓர் அங்கமாக எண்ணும் மனம். அம்மனத்தை எந்த அமைச்சும் தானாகவே நமக்கு வழங்கிவிடாது. வீதியில் வாழ்வோரும் வீதியைக் கடப்போரும் தாம் ஒரே மக்கள் என்பதை உணர்ந்து ஒன்றாகக் கேட்கும்போதுதான் அது உருவாகும்.