கடனும் கடமையும்

தமிழிலே 'கடன்' என்ற ஒரு சொல் இரண்டு பொருள் தந்து நிற்கின்றது. வாங்கிய பணமும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். காலைக்கடன், பிதிர்க்கடன், நேர்த்திக்கடன் என்னும்போது அங்கே பணத்தைப் பற்றிய பேச்சில்லை. ஆனால் கொடுக்க வழியே இல்லாது போனவனின் கடமை யாது? எல்லோருக்கும் கொடுக்க இயலாதபோது யாருக்கு முதலிற் கொடுப்பது? இன்று பல வீடுகளில் பிள்ளைகள் உறங்கிய பின்னர் மெல்லிய குரலில் பேசப்படுகின்ற கேள்விகள் இவை.

முன்னர் திருவிழாக் காலங்களில் விடிய விடிய அரிச்சந்திர மயான காண்டம் நடைபெறும். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக நின்று பாடுகையில் கண்கலங்காதவர் இல்லை. விசுவாமித்திரருக்குக் கொடுக்கவேண்டிய பொருளுக்காக மன்னன் மனைவியையும் மகனையும் விற்றான், தன்னையும் விற்றான். சத்தியம் வென்றது என்று சொல்லிக்கொண்டு சனங்கள் வீடு திரும்பினர். லோகிதாசன் யாரிடம் கடன் வாங்கினான் என்று எவரும் கேட்டதில்லை.

அது வெறும் கதைக் கேள்வியன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையிலே, பெற்றோர் போதிய சொத்து விட்டுச் செல்லாவிடினும் அவர்களின் கடனை ஆண்மக்கள் இறுக்கவேண்டும் என்று காணப்படுகின்றது. பழைய தரும நூல்களும் தந்தையின் கடனை மகனின் கடமையாகவே வைத்தன. எனினும் அந்நூல்கள் கண்ணை மூடிக்கொண்டு அவ்வாறு சொல்லவில்லை. சூதாடியும் குடித்தும் தகப்பன் பட்ட கடன் மகனைச் சேராது என்று விலக்கின. வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்றும் எல்லை வகுத்தன. இலங்கையில் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அறவிடத்தக்க வட்டிக்கு அதே எல்லையை வைத்தது. கடன் கொடுத்தவனுக்கும் ஒரு கடமை உண்டு என்பதே இதன் கருத்து.

அடுத்த ஆண்டில், அதாவது 1853இல், கடன் இறுக்க வகையற்றவர்களுக்கென 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. 'வங்குரோத்து' என்று பேச்சிலே ஏளனமாகச் சொல்லப்படுவதன் சட்ட உருவம் அதுவேயாகும். கடனாளி தன் உடைமை அனைத்தையும் ஒளிக்காமல் மாவட்ட நீதிமன்றத்தின் முன் வைக்கவேண்டும். அவை விற்கப்பட்டுக் கடன்காரருக்குப் பங்கிடப்படும். நேர்மையாக நடந்தவனுக்கு மிகுதிக் கடனிலிருந்து விடுதலை தரும் சான்றிதழ் கிடைக்கும். தவிர்க்க முடியாத நட்டத்தால் வீழ்ந்தவனையும் தன் ஊதாரித்தனத்தால் வீழ்ந்தவனையும் பிரித்துக் காட்ட அச்சான்றிதழிலும் தரம் பிரித்தனர். ஊர் வாய்க்கு இந்தப் பிரிவு தெரிவதில்லை. கிராமத்தவர் எவரும் இவ்வழியை நாடியதாகக் கேள்விப்படுவது அரிது, வெட்கம் விடாது.

ஆயினும் சட்டம் தரும் விடுதலையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் கடை வைத்து நொடிந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். வீடு வளவை ஈடு வைத்து வங்கியில் பெற்றது 20 இலட்சம். இறைவரி நிலுவை 3 இலட்சம். சீட்டுக்காரருக்கு 4 இலட்சம். அயல்வீட்டு விதவைத் தாய் கைமாற்றாகக் கொடுத்தது ஓர் இலட்சம். வளவு 22 இலட்சத்துக்கு விலைப்படுகின்றது. ஈட்டு உறுதி வைத்திருக்கும் வங்கி தன் பங்கை அக்காணியிலிருந்தே எடுக்கும். அரசும் மற்றக் கடன்காரரோடு சமமாக நிற்பதில்லை, அதற்கும் முன்னுரிமை உண்டு. இருவரும் எடுத்த பின்னர் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அடைவு வைத்த நகை முன்னமே போயிருக்கும். எழுத்தும் கையொப்பமும் கேளாமல், முகத்தைப் பார்த்துப் பணம் தந்த அந்தத் தாய்தான் வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

இதற்காகச் சட்டத்தை நோவதிற் பயனில்லை. ஈட்டுக்கு மதிப்பில்லையெனில் வங்கி எவருக்கும் வீடு கட்டக் கடன் கொடாது. வரிப்பணம் ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியது. ஆனால் மனச்சாட்சியின் வரிசை வேறு. வங்கி நட்டத்தை எதிர்பார்த்தே வட்டியை வைத்தது. அந்தத் தாய் எதிர்பார்க்கவில்லை. நீதிமன்றம் விடுவித்த பின்னரும் அவரிடம் பட்ட கடன் கடமையாக நிற்கும். மீண்டும் கையில் நாலு காசு புழங்கும் காலத்தில், சட்டம் கேளாவிட்டாலும் முதலிற் போகவேண்டிய படலை அவருடையதே. பிணை நின்றவரையும் மறக்கலாகாது. கடனாளி விடுபட்டாலும் பிணைகாரர் விடுபடுவதில்லை. நட்புக்காகக் கையொப்பமிட்டவர் அடுத்தவரின் கடனுக்குத் தன் சம்பளத்தைக் கொடுக்க நேர்வது பெரிய கொடுமை.

கடன்காரர் பக்கத்திலும் நியாயம் பார்க்கவேண்டும். போருக்குப் பின்னர் நுண்கடன் வாங்கிய பெண்கள் தவணை நாளில் வீட்டைப் பூட்டி ஒளிந்திருந்த கதைகளை வடக்குக் கிழக்கு நன்கறியும். 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை நீக்க முன்வந்தது. 2022 ஏப்ரல் 12இல் அந்த அரசாங்கமே வெளிநாட்டுக் கடனை இறுக்க முடியாதென்று அறிவித்தது. நாடு சொன்னபோது கடன் மறுசீரமைப்பு என்றார்கள். உட்கார்ந்து பேசினார்கள், தவணை கொடுத்தார்கள். அதையே குடும்பத் தலைவி ஒருத்தி சொன்னால் அவளுக்கு வேறு பெயர் வைக்கிறோம்.

கடன்காரர் தேரடியில் நிற்பாரே என்று அஞ்சித் திருவிழாவுக்கே வராதவர்கள் உண்டு. அவர்களுள் சிலர் உபயம் மட்டும் விட்டுப்போகக்கூடாதென்று அதற்காகவும் கடன்படுகின்றனர். ஒருமுறை உபயத்தை மற்றவரோடு சேர்ந்து செய்தால் குறைவொன்றும் வந்துவிடாது. இளையான்குடி மாறநாயனாரும் கடன்பட்டவர்தானே என்று சிலர் கூறுவர். உண்மைதான். தம்மையே விற்றுத் தீர்க்கவேண்டிய அளவுக்கு அவர் கடன்பட்டிருந்தார். ஆனால் மழை இரவில் அடியவர் வந்தபோது, இனிக் கடன் தருவார் எவருமில்லை என்றார் மனைவியார். நாயனார் வயலுக்குச் சென்றார். பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தார். விறகில்லை என்றதும் தம் வீட்டுக் கூரை வரிச்சை வெட்டிக் கொடுத்தார்.