முதல் குடம் யாருக்கு?

முத்து விளைந்த ஊர் தூத்துக்குடி. உப்பு விளைகின்ற ஊர் தூத்துக்குடி. 1961ஆம் ஆண்டோடு அங்கே அரசின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அதற்கு முன்னே, வெள்ளையர் ஆட்சியில், கடலடியிலிருந்து வந்த சிப்பிகள் கரையிலே குவிக்கப்பட்டு, பலர் காண எண்ணப்பட்டன. குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசுக்கு இரண்டு பங்கு. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவனுக்கு ஒன்று, கரையில் குடை பிடித்து நின்றவனுக்கு இரண்டு! அந்தப் பங்கீடு நீதியானதன்று. ஆனால் அநீதிகூட அங்கே கணக்கோடு நடந்தது. கணக்கு இருந்ததால்தான் இன்று நாம் அதை அநீதி என்று எடுத்துக்காட்ட முடிகிறது.

சிப்பியை எண்ணினோம். உப்பை நிறுத்தோம். உயிர் காக்கும் தண்ணீரை அளந்தோமா?

தண்ணீர் லாரிகளுக்கென்று நகரங்கள் நீர் நிரப்பும் நிலையங்களை அமைக்கின்றன. சென்னையில் குடிநீர் வாரியம் இத்தகைய நிலையங்களை நெடுநாளாக நடத்துகிறது. பெங்களூரு 2024ஆம் ஆண்டின் வறட்சியில் தனியார் லாரிகளின் விலைக்கு வரம்பு கட்டியது. 2025இல் குடிநீர் வாரியமே லாரி வழியே காவிரி நீர் விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாளை தூத்துக்குடியிலும் இப்படியொரு நிலையம் வேண்டுமென்று பேச்செழுந்தால் நாம் வரவேற்பதா, எதிர்ப்பதா?

“தண்ணீரை விற்பதா? தாய்ப்பாலை விற்பதா?” என்று சீறுவோர் உண்டு. அந்தச் சினத்தில் ஈரம் இருக்கிறது. ஆனால் சிந்தனை போதவில்லை. மழை இலவசம், மேகம் விலைச்சீட்டு அனுப்புவதில்லை. ஆனால் அணை, குழாய், விசை, வடிகட்டி, காவலிருக்கும் தொழிலாளி, இவையெல்லாம் செலவு. அச்செலவை யாரோ ஒருவர் தாங்கித்தான் ஆகவேண்டும். யார் தாங்குவது, எந்த அளவில் தாங்குவது என்பதே அறத்தின் கேள்வி.

நிலையம் இல்லாத ஊரில் லாரி நிற்பதில்லை, இருட்டில் ஓடுகிறது. தெருக்குழாயில் ரப்பர்க் குழாயை மாட்டுவோர் உண்டு. உழவனின் கிணற்றில் மோட்டாரை இறக்குவோர் உண்டு. தொட்டிக்குள் முங்கிக் கிடக்கும் குழாயைப் பொதுக் குழாயோடு இணைத்தால், குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் தொட்டியின் அழுக்கு ஊர்க்குழாய்க்குள் திரும்பிப் பாயும். ஒருவன் செய்த தவறு ஓராயிரம் வீட்டுப் பானையில் நோயாகக் கலக்கும். கடலோர நிலத்தில் நன்னீரை அளவின்றி உறிஞ்சினால், அடியிலே கடல்நீர் ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. கிணறு கிணறாகக் கரிக்கும். விற்றவன் பணத்தோடு போவான். ஊர் உப்போடு நிற்கும்.

ஆகவே உயரத்தில் குழாய், நடுவில் காற்றிடைவெளி, பக்கத்தில் அளவுமானி, கையில் பதிவுச்சீட்டு என்று வெளிச்சத்தில் நிற்கும் நிலையத்தை நாம் வெறுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கொள்ளையை விடக் கண்ணுக்குத் தெரியும் கணக்கு மேல். ஆனால், தோழர்களே, கணக்கு மட்டுமே நீதியாகிவிடுமா? சிப்பியும் எண்ணித்தான் பங்கிடப்பட்டது!

இங்கேதான் 1927ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறோம். அந்த ஆண்டில்தான், நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் முயற்சியால், வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் தூத்துக்குடிக்குக் குழாய் வழியே வந்தது. தண்ணீருக்குத் தவித்த நாளில் ரயிலேற்றி நீர் கொணர்ந்தவர், ரயில் வரும்வரை காத்துக்கிடக்கும் நிலையே ஒழியவேண்டுமென்று குழாயை நாடினார். 2019ஆம் ஆண்டு சென்னை வறண்டபோது யாகம் வளர்த்தார்கள் சிலர். வானம் உடனே இரங்கவில்லை. சூலைத் திங்கள் 12ஆம் நாள் 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் சோலையார்பேட்டையிலிருந்து தண்டவாளத்தின் மீது வந்தது. நெய் புகையாயிற்று, நீரைக் கொணர்ந்தவை மனிதனின் மூளையும் உழைப்புமே.

அதே 1927இல், மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், மகாத் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். ஓரிடத்தில் நீர் ஊருக்கு வந்தது. மற்றோரிடத்தில் மனிதன் நீருக்கு வந்தான். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி நீதி முழுமை பெறாது. குழாய் வந்தது, அது யார் தெருவரை வந்தது? குளம் இருந்தது, அதில் யார் கை நனைந்தது? 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம் பொதுக் கிணறும் பொதுச்சாலையும் எல்லோர்க்கும் உரியவை என்றது. ஒரு நூற்றாண்டு உருண்டோடியும், 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி கேட்டுத் தலைகுனிந்தோம். தண்ணீருக்குச் சாதியில்லை, தண்ணீரை வைத்திருக்கும் கைகளுக்கு இருக்கிறது. நேற்றுச் சாதி நின்று மறித்த கிணற்றடியில் இன்று பணம் நின்று மறித்தால், ஆள் மாறினானேயன்றி அநீதி மாறவில்லை.

கணக்கையே கேட்போம். 12,000 லிட்டர் லாரி ஒன்று, 15 லிட்டர்க் குடத்தில் 800 குடம். பெங்களூரில் 2024இல் வகுத்த வரம்பின்படி, 5 கிலோமீட்டருக்குள் அந்த லாரியின் விலை 1,000 ரூபாய். குடம் ஒன்றே கால் ரூபாய். கங்கைகொண்டானில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குத் தரப்பட்டதாக 2016இல் வழக்கெழுந்தபோது நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் கணக்கில் குடம் 56 காசு! குடிக்கக் கேட்பவன் தருவதில் பாதிகூட இல்லை, புட்டியில் அடைத்து விற்பவன் தருவது. விலை என்பது வெறும் எண்ணன்று. ஒரு நாடு யாரை மதிக்கிறது என்பதன் வாக்குமூலம் அது.

“தொழில் வேண்டாமா? துறைமுகம் வேண்டாமா? வேலை வேண்டாமா?” என்பார்கள். வேண்டும், எல்லாம் வேண்டும். ஆனால் வரிசை வேண்டும். 2002ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கையே குடிநீரை முதலிலும் பாசனத்தை அடுத்தும் வைத்தது. ஆலைகள் அதற்குப் பின்னர். சீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கென நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டத்தை 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தபோது நினைவூட்டியதும் இந்த வரிசையைத்தான்.

“லாரி ஓட்டுபவனும் ஏழைதானே?” என்பார்கள். ஆம், ஏழைதான். குழாய் எட்டாத தெருவுக்கு அவனே துணைவன். அவனைத் திருடனாக்கியது அவன் குணமன்று. இருட்டில் ஓடினால்தான் பிழைப்பு என்ற ஏற்பாடு. வெளிச்சத்தில் நிற்கும் நிலையம் அவனுக்கும் மானத்தைத் திருப்பித் தரும்.

எனவே நாம் கேட்பவை நான்கு. குழாய் எட்டாத தெருக்களின் நாள்கணக்கு தீர்ந்த பிறகே வணிக லாரிக்கு நீர் ஊற்றப்படவேண்டும். குடிக்கக் கொண்டுபோகும் லாரிக்கு ஒரு விலை, கட்டடத்துக்கும் ஆலைக்கும் கொண்டுபோகும் லாரிக்கு அதனினும் மிகுந்த விலை. எந்த லாரி, எத்தனை லிட்டர், எந்த இடம் என்ற பட்டியல் நிலையத்தின் வாயிலில் நாள்தோறும் எழுதப்படவேண்டும். அங்கே வரும் பணம் அடுத்த தெருவுக்குக் குழாயாக வேண்டும். நான்காவதே உயிர்நாடி. ஒவ்வோராண்டும் தன் தேவை குறைந்துவரும் நிலையமே நல்ல நிலையம். தன் வரிசை நீண்டுவரும் நிலையம், நகராட்சியின் தோல்விக்கு நகராட்சியே கட்டிய நினைவுச்சின்னம்.

இளைஞர்களே! உங்கள் ஊரில் இத்தகைய நிலையம் திறக்கப்படும் நாளில் மாலை போடுவோர் போடட்டும். நீங்கள் அளவுமானியின் அருகே நில்லுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரின் கடைசித் தெருவுக்கு நடந்து செல்லுங்கள். அங்கே ஒரு தாய் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தால், திரும்பி வந்து கேளுங்கள்: முதல் குடம் யாருக்கு?