எத்தனை வகை இருந்தால் போதும்?

பற்பசை வாங்கக் கடைக்குச் செல்கிறோம். வீட்டிலிருந்து புறப்படும்போது அது ஐந்து நிமிட வேலையாகத்தான் தோன்றுகிறது. கடைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. ஈறுகளைக் காப்பது, பற்களை வெண்மையாக்குவது, கூச்சத்தைப் போக்குவது, உப்பு சேர்த்தது, கிராம்பு சேர்த்தது, மூலிகைகளால் ஆனது, குழந்தைகளுக்கென்றே இனிப்பூட்டப்பட்டது என்று ஓர் அலமாரி முழுவதும் பற்பசைகளே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் எடை 100 கிராம், மற்றொன்றின் எடை 150 கிராம். ஒன்றுடன் பிரஷ் இலவசம், மற்றொன்றுக்கு விலையில் தள்ளுபடி. கணக்குப் போட்டுப் பார்த்து, வைத்ததை மீண்டும் எடுத்து, எடுத்ததை மீண்டும் வைத்து, கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். 'மற்றதை வாங்கியிருக்கலாமோ?' என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

இது அற்ப விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் சோப்பு, அரிசி, செல்பேசி, குழந்தையின் காலணி, காப்பீட்டுத் திட்டம் என்று ஒவ்வொன்றிலும் இதே தடுமாற்றம் தொடரும்போது, நம் வாழ்நாளில் கணிசமான பகுதி இதிலேயே கரைந்துவிடுகிறது. ஆகவே இது சிந்திக்கத் தக்க கேள்விதான்.

ஒன்றிரண்டே கிடைத்த காலம்

நம் நாட்டில் மூத்த தலைமுறையினர் வேறொரு காலத்தையும் கண்டவர்கள். 1980-களின் தொடக்கம் வரை கார் வாங்க நினைத்தவருக்குப் பெரும்பாலும் அம்பாசடர் அல்லது பிரீமியர் பத்மினி என்ற இரண்டே வழிகள்தான். 1983-இல் மாருதி வந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. தொலைபேசி இணைப்புக்கும் அப்படியே. தொலைக்காட்சி என்றால் அது தூர்தர்ஷன்தான். 1991-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகே இந்த நிலை வேகமாக மாறியது.

'அந்தக் காலமே நன்றாக இருந்தது' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. வேறு வழியில்லாத வாடிக்கையாளரைக் கடைக்காரர் மதிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தரமற்ற பொருளையும் தலைகுனிந்து வாங்க வேண்டியிருந்தது. இன்றும் ஓர் ஏழை நோயாளிக்கு, அதே மருந்து குறைந்த விலையில் வேறொரு பெயரில் கிடைப்பது பெரிய ஆறுதல். தெரிவு செய்யும் உரிமை மனிதனுக்குக் கண்ணியத்தைத் தருகிறது. ஆகவே தெரிவு இருப்பதைக் குறை கூற முடியாது. நன்மையாகத் தொடங்கிய ஒன்று எங்கே சுமையாக மாறுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஓர் ஆராய்ச்சியும் அதன் தொடர்ச்சியும்

இதுபற்றிய புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதை நடத்தியவர்கள் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு உளவியலாளர்கள். ஷீனா இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர், கண்பார்வையை இழந்தவர். கலிபோர்னியாவில் ஒரு கடையில் அவர்கள் ஜாம் வகைகளைச் சுவைத்துப் பார்க்க வைத்தார்கள். ஒரு நேரத்தில் 24 வகைகள், மற்றொரு நேரத்தில் 6 வகைகள். 24 வகைகள் இருந்தபோது அவ்வழியே சென்றவர்களில் 60 சதவீதத்தினர் நின்று பார்த்தனர். 6 வகைகள் இருந்தபோது 40 சதவீதத்தினரே நின்றனர். ஆனால் நின்றவர்களுள் பின்னர் ஜாம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? 6 வகைகளைக் கண்டவர்களில் 30 சதவீதத்தினர்; 24 வகைகளைக் கண்டவர்களில் 3 சதவீதத்தினர் மட்டுமே! பெருக்கம் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் முடிவெடுக்க விடவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. இதுபோன்ற 50 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த அறிஞர்கள், சராசரியாகப் பார்த்தால் இந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே 2010-இல் எழுதினார்கள். சில சோதனைகளில் வகைகள் கூடியபோது மக்கள் தடுமாறினர், சிலவற்றில் மகிழ்ந்தனர். எப்போது தடுமாற்றம் நேர்கிறது என்பதை 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு விளக்கியது. பொருள்களை ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போதும், தனக்கு என்ன வேண்டும் என்பதே ஒருவருக்குத் தெளிவில்லாதபோதும் வகைகளின் பெருக்கம் அவரைக் குழப்புகிறது. தெளிவுடன் வருபவருக்கு அதே பெருக்கம் அவ்வளவு தொல்லை தருவதில்லை.

இது நமக்கு மிக முக்கியமான செய்தி. குழப்பத்திற்கான காரணத்தில் ஒரு பாதி கடையின் அலமாரியில் இருக்கிறது. மறுபாதி நம் உள்ளத்தில் இருக்கிறது. அலமாரியை நம்மால் மாற்ற முடியாது.

மிகச் சிறந்ததா, போதுமானதா?

1978-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் எல்லாவற்றையும் அலசி மிகச் சிறந்ததைக் கண்டுபிடிப்பதில்லை என்று காட்டினார். தம் தேவைக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்வதே இயல்பான வழி என்பது அவர் கருத்து. ஆனால் எல்லோரும் அப்படி நிறுத்துவதில்லை. வேலை தேடிய பட்டதாரி மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. மிகச் சிறந்ததையே பெற வேண்டும் என்று தேடியவர்களுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் அதிகச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆயினும் கிடைத்த வேலையில் அவர்களுக்குத்தான் திருப்தி குறைவாக இருந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் மற்றவற்றைத் துறப்பது என்று பொருள். துறந்தவை இரண்டு என்றால் மனம் விரைவில் மறந்துவிடும். துறந்தவை ஐம்பது என்றால், ஒவ்வொன்றின் சிறப்பும் ஓர் இழப்பாக நினைவில் நிற்கிறது. மேலும், ஒன்றே கிடைத்த காலத்தில் பொருள் சரியில்லையென்றால் பழி கடைக்கு. ஐம்பது இருக்கும்போது பழி நமக்கே என்று மனம் நம்மை வருத்துகிறது.

நசிகேதஸின் தெளிவு

கடோபநிஷதம் அறிந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். மரணத்திற்குப் பின் மனிதன் இருக்கிறானா, இல்லையா என்பதை அறிய வேண்டும் என்று நசிகேதஸ் என்ற சிறுவன் யமதர்மனிடம் மூன்றாவது வரமாகக் கேட்கிறான். யமன் அதற்குப் பதிலாக நூறாண்டு வாழும் மக்களையும் பேரர்களையும், பசுக்களையும், யானைகளையும், குதிரைகளையும், பொன்னையும், பரந்த நிலத்தையும், விரும்பும் அளவு ஆயுளையும் ஒவ்வொன்றாக முன்வைக்கிறார். எத்தனை பெரிய சந்தை அது!

நசிகேதஸ் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. யானை நல்லதா, குதிரை நல்லதா என்று கணக்கிடவில்லை. தனக்கு வேண்டியது எது என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் யமன் சிரேயஸ், பிரேயஸ் என்ற இரு வழிகளை, அதாவது நன்மை தருவதையும் இனிமையாகத் தோன்றுவதையும், பிரித்துக் காட்டுகிறார். விவேகம் என்பது ஐம்பதையும் அலசும் திறமையன்று. எதை அலச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அறிவதே விவேகம்.

நாம் என்ன செய்யலாம்?

இதைக் கடைவீதியிலும் பயிலலாம். முதலாவது, தேவையை வீட்டிலேயே முடிவு செய்து, எழுதிக்கொண்டு புறப்படுவது. இரண்டாவது, என்ன விலைக்குள், எந்தப் பயனுக்காக என்ற இரண்டை மட்டும் வரையறுத்து, அவற்றிற்குப் பொருந்தும் முதல் பொருளை ஏற்பது. மூன்றாவது, வாங்கிய பின் மற்ற கடைகளின் விலையை ஆராயாமல் இருப்பது. நான்காவது, அன்றாடப் பொருள்களில் ஒருமுறை நல்லதெனக் கண்டதையே தொடர்ந்து வாங்குவது.

இதனால் மிச்சமாவது பணம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு முழங்கால் வலி. எந்த மருத்துவரிடம் செல்வது, சிகிச்சை வேண்டுமா என்று மகனுடன் பேச விரும்புகிறார். மகனோ மூன்று இரவுகளாகப் புதிய செல்பேசிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கெட்டவன் அல்ல. அவனுடைய கவனம் முழுவதும் சிறிய தெரிவுகளில் செலவாகிவிட்டதால், பெரிய தெரிவு அடுத்த அறையில் காத்துக்கிடக்கிறது. பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத் தருவது, பிறருக்கு எவ்வளவு கொடுப்பது, முதியோரை எப்படிப் பேணுவது ஆகியவையே மெய்யாகவே நம் நிதானமான சிந்தனையைக் கேட்கும் தெரிவுகள்.

அன்னதானப் பந்தியில் ஓர் அழகைக் காணலாம். பொன்னோ பொருளோ எவ்வளவு கொடுத்தாலும் 'இன்னும்' என்று நீளும் கை, வயிறு நிறைந்ததும் இலையை மறைத்து 'போதும்' என்கிறது. அந்தச் சொல்லை வயிறு தானாகவே அறிந்திருக்கிறது. மனத்திற்கு நாம்தான் கற்றுத் தர வேண்டும். அடுத்த முறை அலமாரியின் முன் நின்று தயங்கும்போது, போதுமான ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம். நமக்காகக் காத்திருப்பவர்களிடம் அந்த நேரத்தைக் கொடுப்போம்.