கோபத்துக்கும் துணை வேண்டும்

பிள்ளையைக் கொலையில் பறிகொடுத்தவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறோம். அவர்கள் அழுதால் கூட உட்கார்ந்து அழுகிறோம். அதே தாயும் தகப்பனும் கோபத்தில் கொதிக்கும்போது மட்டும் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. "போன உயிர் திரும்பவா வரப்போகுது? கோர்ட்டு, கேஸுன்னு அலையாதீங்க" என்று அடக்கப் பார்க்கிறோம்.

அப்படி அடங்காத ஒரு தகப்பன், கேரளத்து இந்திப் பேராசிரியர் ஈச்சர வாரியர். அவருடைய மகன் ராஜன். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர். அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று விடியும் முன்னே போலீஸார் அவரைப் பிடித்துச் சென்றார்கள். கல்லூரி முதல்வர் பதிவுத் தபாலில் தகப்பனுக்குத் தகவல் அனுப்பினார். வாரியர் அதிகாரிகளைத் தேடிப் போனார், அமைச்சரைப் பார்த்தார், குடியரசுத் தலைவர் வரை மனு எழுதினார். யாரும் வாய் திறக்கவில்லை.

1977 மார்ச்சில் அவசரநிலை விலகிய சில நாள்களிலேயே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சாதித்தது. கல்லூரியைச் சேர்ந்தவர்களும் போலீஸ் முகாமில் அடைபட்டிருந்தவர்களும் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார்கள். நீதிமன்றம் அவர்களை நம்பியது. அந்தத் தீர்ப்பையடுத்து, பதவியேற்று ஒரே மாதத்தில் முதலமைச்சர் கருணாகரன் விலக வேண்டியதாயிற்று. கக்கயம் முகாமில் போலீஸ் சித்திரவதையில் ராஜன் இறந்துவிட்டார் என்ற உண்மை அதன் பிறகே வெளிவந்தது. உடல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்தத் தகப்பன் யாருடைய உயிரையும் கேட்கவில்லை. 'என் மகன் எங்கே?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் கேட்டார். நோயில் போன பிள்ளைக்காக யாரிடம் போய்க் கேட்பது? அடித்துக் கொல்லப்பட்ட பிள்ளைக்காகக் கேட்க ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது. தனக்காகப் பேச முடியாமல் போன பிள்ளைக்குப் பெற்றவர் செய்யும் கடமை அந்தக் கேள்வி. அதை அடக்கச் சொல்லும்போது, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், கொன்றவருக்குச் சாதகமாகப் பேசிவிடுகிறோம்.

பழிவாங்கத் துடிக்கும் கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். நியாயம் கேட்கும் வாயைப் பொத்தக் கூடாது. பெற்றவர் தனியாக நின்றால் அந்தக் கோபம் அவரையே எரித்துவிடும். நாலு பேர் கூட நின்றால் அது வழக்காகும், சாட்சியாகும், தீர்ப்பாகும். வாரியரின் மனுவுக்கு வலு தந்தது பயத்தை மீறிப் பேசிய அந்தச் சாட்சிகள்தான்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு தாயோ தகப்பனோ இருந்தால், 'விதி' என்ற சொல்லை அங்கே எடுக்காதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மனு எழுத உதவுங்கள். வாய்தா நாளில் கூடப் போங்கள். நீங்கள் பார்த்தது ஏதாவது இருந்தால், கேட்கும் இடத்தில் பயப்படாமல் சொல்லுங்கள்.