உப்புக்கு வந்த கோபம்

உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அடித்து வருத்துதல், கொலை. வெகுளி பிறக்கும் இடங்கள் இந்த நான்கும்தான் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். சாம்பாரில் உப்பு கூடிப்போனதும், ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதும் அதில் இல்லை. அப்படியானால் நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் கூச்சல் எதில் சேர்த்தி?

உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகள் அதில் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள். செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம்தான், மனநலக் கையேடு அல்ல. ஆனாலும், உணர்ச்சியை அடக்கு என்று ஆரம்பிக்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறதே, அது எனக்குப் பிடிக்கும். தாழ்ந்துபோனோம் என்ற கூச்சமான இளிவரலுக்கு அது காட்டும் காரணங்களில் மூப்பும் பிணியும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து வலது கை சரியாக எழும்பாது. மகன் சட்டைப் பட்டனைப் போட வந்தாலே, “விடுடா!” என்று கத்துவார். தட்டு பறக்கும். “அப்பாவுக்கு இப்பல்லாம் ரொம்பக் கோவம் வருது” என்று டாக்டரிடமும் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் மனைவிதான் வழி கண்டார். சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு எல்லாரும் அறையைவிட்டு வெளியே வந்துவிடுவது. அரை மணி ஆகும். மேலே இரண்டு பட்டன் திறந்தே கிடக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. கத்தல் பெரிதும் குறைந்துவிட்டது. கோபத்துக்கு மருந்து தேடிய வரை கிடைக்காதது, அவமானம் என்று தெரிந்ததும் கிடைத்தது.

அச்சமும் இப்படித்தான் வேஷம் போடும். டியூஷன் முடிந்து தாமதமாக வரும் மகளை, “எங்கடி சுத்திட்டு வர்ற?” என்று வாசலிலேயே பிடித்துக்கொள்ளும் அம்மாவிடம் இருப்பது முக்கால்வாசி பயம். “பயந்துட்டேன்டி” என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பாள்.

இப்படி உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைப்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கோபமும் அச்சமும் தெரியும் முகங்களின் படங்களைப் பார்த்து, அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பார்த்தவர்களின் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிந்தது. படத்து முகம் திருப்பிக் கத்தாது என்பதையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும்.

சில கோபம் அசல் கோபமாகவே இருக்கும். அதைத் தணிக்கச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கோழிக்கோட்டில் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு வந்தது அந்த வகை. மூச்சை இழுத்து விட்டு மனத்தை அமைதிப்படுத்துங்கள் என்று அவர்களுக்கு வகுப்பு எடுப்பதென்றாலும் உட்கார நாற்காலி ஏது? அவர்கள் போராடினார்கள். 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும், கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின.