இவருக்குச் சர்க்கரை போடலாமா?

ஏற்காட்டில் பகோடா பாயின்ட் பக்கம் ஒரு டீக்கடை. நண்பர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவருக்குச் சர்க்கரை போடலாமா?" நானும் வெகு சாதாரணமாக, "அரைச் சர்க்கரை போதும்ணே" என்றேன்.

ஒரு வாய் குடித்ததும் நண்பர் சொன்னார்: "எனக்குச் சர்க்கரை தூக்கலா வேணும். அரை போதும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுருக்கென்றது. மனிதர் வங்கியில் மேனேஜர். லட்சக்கணக்கில் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர். அவருடைய டீயை நான் முடிவு செய்கிறேன்!

"ஏர்போர்ட்லயும் இதே கதைதான்" என்றார். அவர் எதிரிலேயே, "இவர் நடப்பாரா? தனியா உட்காருவாரா?" என்று மனைவியிடம் கேட்பார்களாம். அவருடைய நாற்காலி மூட்டை முடிச்சுகளோடு விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஸீட்டில் வைப்பார்கள். "எங்க பிடிச்சா வலிக்காதுன்னு எனக்குத்தானே தெரியும்? கேட்டாத்தானே சொல்றதுக்கு!"

கேட்காமல் தூக்கி உட்கார வைப்பது ஒரு ரகம். கேட்காமல் இறக்கிவிடுவது இன்னொரு ரகம்.

ஜீஜா கோஷ் ஞாபகம் இருக்கிறதா? மூளை முடக்குவாதம் உள்ளவர்; மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுகிறவர். 2012 பிப்ரவரி 19 அன்று, ஒரு மாநாட்டுக்காக கொல்கத்தாவிலிருந்து கோவா போக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். பார்க்க உடம்பு சரியில்லாதவர் மாதிரி இருந்தாராம். மாநாடு கைநழுவிப் போனது. எந்த டாக்டரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது என்று கண்டித்த உச்ச நீதிமன்றம், 2016-ல் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

'பாதுகாப்புக்காகத்தானே?' என்பீர்கள். ஏற்காடு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. யாருக்குத் தலை சுற்றும், யார் வாந்தி எடுப்பார் என்று கண்டக்டர் சான்றிதழ் கேட்பதில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு அவரவர் ரிஸ்க்கில் ஏறுகிறோம். நடுவானில் விமானத்தை ஓரங்கட்ட முடியாது, வாஸ்தவம். ஆனால், பாதுகாப்பு என்ற நியாயமான வார்த்தைக்குள் நம்முடைய சங்கடமும் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்கிறதே, அதை என்ன செய்வது?

2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோவுக்கு ஐந்து லட்சம் அபராதம். அதன்பின் விதி மாறியது. ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. பயணத்தில் உடல்நிலை மோசமாகலாம் என்று தோன்றினால், டாக்டர் நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இதிலும் கேள்வி டாக்டருக்குப் போகிறது. உட்கார்ந்திருப்பவரிடம் எப்போது வரும்?

கிளம்பும் முன் இன்னொரு டீ சொன்னோம். கடைக்காரர் மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார் பாவம். அப்புறம் குனிந்து, "சார், உங்களுக்கு?" என்றார்.