சாட்சி சொல்லும் முன்...

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்பதை அறிவோம். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவரின் சாட்சியும் தவறிப்போகலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-ல் ஒரு பெண் தாக்கப்பட்டார். போலீஸார் காட்டிய புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். பிறகு நேரில் நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். புகைப்படத்தில் பார்த்த முகம், குற்றவாளியின் முகமாகவே மனதில் பதிந்துவிட்டது. நீதிமன்றத்தில் உளப்பூர்வமாக நம்பித்தான் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த காட்டன், 1995-ல் டிஎன்ஏ பரிசோதனையால் நிரபராதி என்று தெரிந்து விடுதலையானார்.

படைத்தவன் நம் மறதியை அறிந்தவன். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. சாட்சி தவறினால் நினைவூட்ட இன்னொருவரும் இருக்க வேண்டும் என்கிறது. ஹதீஸ் கலை இமாம்களும் அறிவிப்பாளர் நல்லவரா என்பதோடு நிறுத்தவில்லை. மனன உறுதியையும் பார்த்தார்கள். முதுமையில் நினைவு குழம்பியவரிடம் கேட்ட செய்தி என்றால், குழம்பும் முன் கேட்டதா, பின் கேட்டதா என்று விசாரித்தார்கள்.

சகோதரர்களே! நாளை ஒரு விபத்துக்கோ தகராறுக்கோ நீங்கள் சாட்சியாகலாம். கண்டதை அன்றே எழுதிவையுங்கள். பிறர் சொன்னதை அதில் கலக்காதீர்கள். சாட்சியத்தை மறைக்காதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் “நிச்சயமாகத் தெரியாது” என்று சொல்வதும் அமானிதம்தான்.

அறிந்ததை மட்டும் பேசும் நாவை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.